பஸ் ஓடாத அந்தத் திங்கட்கிழமைக்காக ஸ்தோத்திரம்

சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்ல எனக்கு வராது. இரண்டு முறை எழுந்திருக்கிறேன். இரண்டு முறையும் "ஸ்தோத்திரம்" என்ற ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். போதகர் அம்மாதான், "வாய் வரலைன்னா கையாவது வரட்டும், எழுதிக் கொடுங்க ரூபி" என்றார்கள். பத்தாவது வரைக்கும் படித்தவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

1993-ம் வருடம் ஆகஸ்ட் மாதம், ஒரு திங்கட்கிழமை, என் மகள் மெர்சியின் படிப்பை நானே என் கையால் கெடுக்கப் பார்த்தேன். கெட்ட எண்ணத்தினால் இல்லை. பத்திரப்படுத்துகிறேன் என்று நினைத்துச் செய்தேன். எப்படி என்று சொல்லுகிறேன்.

என் கணவர் ஓசூரில் வண்டிகளுக்குப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டராக இருந்தார். மெர்சி ஒன்பதாவது படிக்கும்போது காய்ச்சலில் இறந்துபோனார். அவருடைய இறப்புச் சான்றிதழை ஓர் ஆபீசில் கேட்டார்கள் என்று ஒரிஜினலையே கொடுத்துவிட்டு வந்தேன். அது அங்கே காணாமல் போய்விட்டது. இன்னொன்று வாங்க ஏழு மாதம் கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் அலைந்தேன். யாரிடமும் சத்தமாகக் கேட்கத் தெரியாததால்தான் ஏழு மாதம் ஆயிற்று. வேறு யாராக இருந்தாலும் ஒரு மாதத்தில் வாங்கியிருப்பார்கள்.

பிறகு கம்பெனியில் இரக்கப்பட்டு எனக்கு ஸ்டோர்ஸில் வேலை கொடுத்தார்கள். கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து, சீட்டைப் பார்த்து, சாமானை எடுத்துக் கொடுக்கிற வேலை. பேச வேண்டியதில்லை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது. அங்கே முதல் நாள் சொல்லிக்கொடுத்த சட்டம் ஒன்று உண்டு. டிராயிங் கேட்டு வந்தால் அதன் நகலான புளூபிரிண்ட் மட்டும்தான் கொடுக்க வேண்டும். ஒரிஜினல் டிராயிங் ஸ்டோர்ஸைவிட்டு வெளியே போகவே கூடாது. ஒரிஜினலைப் பார்க்க வேண்டியவர், அவர் மேனேஜராகவே இருந்தாலும், ஸ்டோர்ஸுக்கு வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். ஏழு வருஷத்தில் ஒரு ஒரிஜினல்கூட என் கையைவிட்டுப் போனதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததற்கு இதுதான் காரணம்.

மெர்சி சேலத்தில் பி.இ. முடித்தாள். முடித்ததும் வேலைக்குப் போவாள் என்று இருந்தேன். அவளோ ஒரு பரீட்சை எழுதினாள், பெங்களூரில் ஒரு பெரிய கல்லூரியிலிருந்து எம்.இ. படிக்க இடம் வந்திருக்கிறது என்று கடிதத்தைக் காட்டினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"இஞ்சினீயருக்குத்தான் படிச்சு முடிச்சாச்சே. மறுபடியும் இஞ்சினீயருக்கா படிக்கப் போற?"

"அதுல மேல்படிப்பும்மா. இதுவரைக்கும் மத்தவங்க கண்டுபிடிச்சதைப் படிச்சோம். இனிமேல் நாமளே ஒண்ணு கண்டுபிடிச்சு எழுதணும்."

"கண்டுபிடிக்கலைன்னா?"

"அதையும் எழுதணும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். தப்பாக ஏதாவது கேட்டால் சிரிப்பாளோ என்று மகளிடத்திலும் எனக்கு அந்தக் கூச்சம் இருந்தது.

கொண்டுபோக வேண்டிய சாமான்களை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தாள். சேலத்தில் அவளுக்கு முன்னால் படித்த ஒரு அக்கா கடிதத்தில் எழுதியனுப்பிய பட்டியல் அது. முதல் வரி, சர்டிபிகேட் ஃபைல். அப்புறம் கால்குலேட்டர், டிராயிங் கருவிப் பெட்டி, லேபுக்கு வெள்ளைக் கோட்டு, விரல் மூடிய தோல் செருப்பு, கிராஃப் தாள், தைத்துக் கட்டிய கெட்டி அட்டை நோட்டு மூன்று, அலாரம் டைம்பீஸ், பூட்டு, பக்கெட்டு. அதோடு கம்ப்யூட்டரில் போடுகிற பிளாப்பி பத்து. கடையிலிருந்து வாங்கிவந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கறுப்புத் தகடு.

"இதுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா. காலி."

"காலியா இருக்கறதைப் போயி எதுக்கு வாங்கற?"

"நான் போயித்தான் ரொப்பணும்."

ஸ்டோர்ஸ் வழக்கப்படி ஒவ்வொரு சாமானாக டிரங்குப் பெட்டியில் வைத்து, தாளில் டிக் அடித்தேன். சனிக்கிழமை மெர்சி சர்டிபிகேட் ஃபைலைத் திறந்து, எல்லாம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக் கட்டி வைத்தாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் என் மனம் ஒரு நிலையில் இல்லை. பெட்டி பஸ்ஸின் மேலே போகும். மழை வரலாம். ஹாஸ்டலில் முன்பின் தெரியாதவர்கள். பள்ளிக்கூடத்து மார்க் ஷீட், எட்டு செமஸ்டர் மார்க் ஷீட், டி.சி. எல்லாம் ஒரே ஃபைலில். தொலைந்தால் நான் இன்னொரு ஏழு மாதம் எந்த ஆபீஸ் வாசலில் நிற்பேன்? மெர்சி பக்கத்து வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளப் போயிருந்தபோது, ஒரிஜினல்களை ஒவ்வொன்றாக உருவினேன். பச்சை மையில் கையெழுத்து வாங்கியிருந்த ஜெராக்ஸ் காப்பிகளை அதே பிளாஸ்டிக் உறைகளில் போட்டுக் கட்டினேன். ஒரிஜினலை பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். யாராவது ஒரிஜினலைப் பார்க்க வேண்டுமென்றால் பிறகு கொண்டுபோய்க் காட்டினால் போயிற்று. இப்படித்தான் நினைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை அவளோடு போக லீவு கேட்டிருக்க வேண்டும். ஒரு வாரமாகக் கேட்க நினைத்து, கேட்காமலே விட்டுவிட்டேன். மெர்சி தனியாகவே ஆறு மணி பஸ்ஸில் பெட்டியை ஏற்றிக்கொண்டு போனாள். ஜன்னல் வழியாக, "அழாதம்மா, பெங்களூர்தானே, அமெரிக்காவுக்கா போறேன்" என்றாள்.

பத்து மணிக்கு டீ வந்தது. எங்கள் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் நஞ்சப்பா வீட்டில் கன்னடம் பேசுகிறவர். எங்களோடு இரண்டையும் கலந்து பேசுவார்.

"ஏனு ரூபியம்மா, மக போயாச்சா? சாமான் எல்லாம் சரியா கொடுத்து அனுப்பினியா?"

"அனுப்பிட்டேன் சார். ஒரிஜினல் சர்டிபிகேட்டை மட்டும் பத்திரமா பீரோவில வெச்சுட்டேன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "எங்கே வெச்சே?"

"பீரோவில. ஜெராக்ஸ் கொடுத்து அனுப்பியிருக்கேன் சார்."

"அய்யோ தேவரே" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார். "ஏம்மா, அது காலேஜும்மா, நம்ம ஸ்டோர்ஸ் இல்ல. அட்மிஷனுக்கு ஒரிஜினல் இல்லாம உள்ளேயே விடமாட்டான். என் தம்பி மகனைச் சேர்க்கப் போனப்ப ஒரே ஒரு தாள் இல்லேன்னு திருப்பி அனுப்பிட்டான். உன் மகளுக்குக் கடைசி நேரம் எத்தனை மணி?"

நாலு மணி என்று மெர்சி சொன்னது ஞாபகம் வந்தது. நாலு மணிக்குச் சேராவிட்டால் இடம் அடுத்து காத்திருக்கிறவருக்குப் போய்விடும் என்றும் சொல்லியிருந்தாள். நட்டு, போல்ட்டு டப்பாக்கள் அடுக்கிய ரேக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நீளமாக ஜெபிக்க வரவில்லை. "ஆண்டவரே, நான் செய்ததை நீர் சரிபண்ணும்" என்று மட்டும் சொன்னேன். அதையே பத்து தடவை சொல்லியிருப்பேன். என்னோடு வேலை செய்கிற ஷகிலா வந்து என் தோளைப் பிடித்தாள்.

"ரூபிக்கா, துஆ போற வழியில பண்ணிக்கலாம். இப்ப லீவு கேளு."

"நீ கேளேன் ஷகிலா."

"என் புள்ளையா படிக்கப் போயிருக்கு?"

கேட்கப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் நஞ்சப்பா கேட் பாஸை எழுதி நீட்டிவிட்டார். ஒரு வாரமாக நான் பயந்துகொண்டிருந்தது இந்த மனிதருக்காகவா என்று எனக்கே விளங்கவில்லை.

வீட்டுக்கு ஓடி, பீரோவைத் திறந்து, ஒரிஜினல்களை ஒரு துணிப்பையில் போட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால், பெங்களூர் பஸ் ஒன்றும் இல்லை. கர்நாடக எல்லையில் ஏதோ தகராறாம். எட்டு மணியிலிருந்து இந்தப் பக்கத்துப் பஸ் அந்தப் பக்கம் போவதில்லை, அந்தப் பக்கத்துப் பஸ் இங்கே வருவதில்லை. ஜூஜூவாடி வரைக்கும் டவுன் பஸ்ஸில் போய், செக்போஸ்ட்டை நடந்து தாண்டி, அத்திப்பள்ளியில் வேறு பஸ் பிடிக்க வேண்டும் என்றார்கள். "ஆண்டவரே, ஒரே ஒரு பஸ்ஸை ஓட வையும்" என்று அங்கேயே நின்று கெஞ்சினேன். ஓடவில்லை. காத்திருந்து பார்த்தேன். ஓடவே இல்லை. என் ஜெபம் மேலே போகவில்லை என்றே நினைத்தேன். என் பாவத்துக்கு இதுதான் கூலியோ என்றும் தோன்றியது.

ஜூஜூவாடியில் இறங்கி நடந்தேன். பன்னிரண்டரை மணி வெயில். ரோட்டின் நடுவில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன. லாரி வரிசைக்கு ஒரு பக்கத்தில் நாங்கள் பெங்களூரை நோக்கி நடக்கிறோம். மறுபக்கத்தில் அங்கிருந்து வருகிறவர்கள் ஓசூரை நோக்கி நடக்கிறார்கள். மூட்டை, பிள்ளை, கோழிக்கூடை என்று சுமந்துகொண்டு. நான் எப்போதும்போல் தலையைக் குனிந்துகொண்டே நடந்தேன். செக்போஸ்ட்டைத் தாண்டியதும் எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. எல்லாப் பலகையும் கன்னடம். ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். அவரைக் கடந்து போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் கடந்து போனேன். கேட்க நாக்கு எழவில்லை. பையிலிருந்த சர்டிபிகேட் கையில் கனத்தது. "ஆண்டவரே, பஸ்தான் தரவில்லை, வாயையாவது தாரும்" என்றேன்.

லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்ததால், கேட்கும்போது கத்திக் கேட்க வேண்டியிருந்தது. "சார், பெங்களூர் பஸ் எல்லி? என் மக மெர்சி காலேஜுக்குப் போகணும் சார், நாலு மணிக்குள்ள" என்று எனக்குத் தெரிந்த கன்னடமும் தமிழுமாகக் கத்தினேன். ரோட்டில் நின்று நான் அப்படிச் சத்தம்போட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

போலீஸ்காரர் பதில் சொல்லுமுன், லாரிகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அம்மா?"

இரண்டு லாரிகளுக்கு நடுவே புகுந்து மெர்சி வந்தாள். முகமெல்லாம் புழுதி. கையில் அந்த ஃபைல். பெட்டியைக் கல்லூரி வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு, ஒரிஜினலைத் தேடி வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"நீ இங்க என்னம்மா பண்ற?"

பையை நீட்டினேன். திறந்து பார்த்தாள்.

"யாரைக் கேட்டு எடுத்த?"

"யாரையும் கேக்கல."

"அந்த கிளார்க்கு என்னை என்னன்னு கேட்டான் தெரியுமா? ஒரிஜினலுக்கும் ஜெராக்ஸுக்கும் கலர் வித்தியாசம் தெரியாதா உனக்குன்னு கேட்டான். பக்கத்துல வெயிட்டிங்ல இருக்கற பையன் என் ஃபைலையே பாக்கறான். நான் வழியெல்லாம் யோசிக்கறேன், எங்க தொலைச்சேன்னு. எங்க தொலைச்சேன்னு, அம்மா."

நான் அழுதேன். அவளும் அழுதாள். பிறகு என்ன நினைத்தாளோ, அழுகையோடு சிரித்தாள். "சரி, வா. ஸ்டோர்ஸை மூடிட்டுத்தானே வந்த?" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அத்திப்பள்ளி பஸ்ஸுக்கு ஓடினாள்.

மூன்றேகால் மணிக்குக் கல்லூரிக்குள் நுழைந்தோம். அந்த கிளார்க் ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முத்திரை போட்டார். மெர்சிக்கு இடம் கிடைத்தது.

திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கேட்டபடி பஸ் ஓடியிருந்தால், நான் ஒரு பஸ்ஸில் போயிருப்பேன், அவள் எதிர்ப் பஸ்ஸில் வந்திருப்பாள். ஒருவரை ஒருவர் தாண்டிப் போயிருப்போம். அவள் பூட்டிய வீட்டின் முன்னால் நின்றிருப்பாள். நான் பெங்களூரில் அவளைத் தேடிக்கொண்டிருப்பேன். நாலு மணி அடித்திருக்கும். பஸ் ஓடாததால்தான் இரண்டு பேரும் ஒரே ரோட்டில் நடந்தோம். வாய்விட்டுக் கத்தியதால்தான் அவள் காதில் விழுந்தது.

இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் குழப்பம்தான். எத்தனையோ பேர் பிள்ளையையும் மூட்டையையும் தூக்கிக்கொண்டு அந்த வெயிலில் நடந்தார்கள். எனக்காக ஆண்டவர் அத்தனை பேரையும் நடக்க வைத்தார் என்று சொல்ல மாட்டேன், அது எனக்குத் தெரியாது. பஸ்ஸைக் கேட்டேன், தரவில்லை. மகளைத் தந்தார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்த நாளுக்குப் பிறகு நான் கொஞ்சம் மாறினேன். புரியாததை மெர்சியிடமே கேட்க ஆரம்பித்தேன். விடுமுறையில் வந்தால் அவள் நோட்டைக் காட்டுவாள். பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டு, தேதி போட்டு, பேனாவால் எழுதியிருப்பாள். தப்பாக வந்ததையும் அடித்துக் கிழிக்கக் கூடாதாம், ஒரே கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டுமாம். புரியாததை அன்றைக்கே போய்க் கேட்டுவிட வேண்டும், வெட்கப்பட்டால் ஒரு மாதம் வீண் என்று அவளுடைய பேராசிரியர் சொல்வாராம். ஏழு மாதம் வீணாக்கியவள் நான், எனக்கு அது நன்றாகவே புரிந்தது.

இப்போது சபையில் யார் வீட்டுப் பிள்ளை மேல்படிப்புக்குப் போனாலும், என்ன கொடுத்தனுப்பலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். பட்டியலை எழுதிக் கொடுக்கிறேன். கால்குலேட்டர், கெட்டி அட்டை நோட்டு, வெள்ளைக் கோட்டு, டைம்பீஸ். பிளாப்பி காலியாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம் என்றும் சொல்கிறேன். முதல் வரியில் ஒரிஜினல் சர்டிபிகேட் என்று எழுதிக் கோடு போடுகிறேன். கிளம்புகிற அன்று காலையில் பிள்ளையே பிரித்துப் பார்க்கட்டும்.

என்னைப்போல் வாய் வராதவர்கள் இதை வாசித்தால் உங்களுக்குத்தான் சொல்கிறேன். ஆண்டவரிடத்தில் கேளுங்கள். கேட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கிற மனுஷனிடத்திலும் கேளுங்கள். கேட்டது வராமல் போனால் உடனே மனம் விட்டுவிடாதீர்கள், கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள்.

இரண்டு வருஷம் கழித்து மெர்சி எம்.இ. பட்டத்தை வாங்கிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தாள். "பீரோவில வெச்சுக்கறியாம்மா?" என்று கேட்டாள். கேலி செய்கிறாள் என்று தெரிந்தது. தடவிப் பார்த்துவிட்டு அவள் கையிலேயே கொடுத்தேன்.

"ஒரிஜினல் உன்கிட்டயே இருக்கட்டும் கண்ணு. எனக்கு ஒரு ஜெராக்ஸ் போதும்."

அது புடவைக்கு அடியில் இருக்கிறது. யாராவது கேட்டால் எடுத்துக் காட்டுவேன்.