நாலாவது மாடியில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

உலகத்தில் இதுவரை கார் ஓட்டிய அத்தனை பேரிலும் என் மாமாதான் உயர்ந்தவர். சந்தேகமிருப்பவர்கள் அளவு டேப்போடு வரலாம். பந்தயக்காரர்கள், ராஜாக்கள், பாலத்திலிருந்து பாய்கிறவர்கள் எல்லோரும் கடைசியில் தரையில்தான் ஓட்டினார்கள். என் மாமா தரையிலிருந்து நாற்பத்தெட்டு அடி உயரத்தில், ஒரு பழைய கிடங்கின் நாலாவது மாடியில், ஒன்றரை வருஷம் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டினார். ஜன்னல் புறாக்கள் அவருக்கு வழிவிட்டன. மேகங்கள்கூட ஹாரன் கேட்டு ஒதுங்கியதாகக் கேள்வி. அந்தக் கேள்வியைக் கிளப்பிவிட்டவன் நான்தான்.

மாமா லிஃப்ட் மெக்கானிக். அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டில் முன்பு தட்டுமுட்டுச் சாமான் போட்டிருந்த அறைதான் அவருக்கு. காலை நீட்டினால் கதவு திறக்காது. கதவைத் திறக்க வேண்டுமானால் காலை மடக்க வேண்டும். காலையில் அந்தப் பெட்டியிலிருந்து எழுந்து போவார். பகல் முழுக்க வேறு பெட்டிகளின் தலையிலும் காலடியிலும் கிரீஸ் தடவுவார். சாயங்காலம் பெட்டிக்குத் திரும்புவார்.

நடுவில் யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மற்ற மெக்கானிக்குகள் வந்ததும் எத்தனை பேர், எந்த மாடி என்று கேட்பார்கள். மாமா கதவு இடுக்கில் வாயை வைத்து, "சாப்டீங்களா?" என்பார். உள்ளே அழுதுகொண்டிருக்கிறவர்கூட அழுகையை நிறுத்திவிட்டு, காலையில் என்ன சாப்பிட்டோம் என்று யோசிப்பார். அந்த யோசனை முடிவதற்குள் மாமா மோட்டாரைக் கையால் சுற்றிக் கதவைத் திறந்திருப்பார். ஒருதடவை நான் வேண்டுமென்றே ஒரு லிஃப்டை நடுவில் நிறுத்திக்கொண்டு, கிழவி குரலில், "பல்லே இல்ல, என்னத்தச் சாப்பிட?" என்றேன். "அப்ப பசி எடுக்கிற வரைக்கும் இருங்க பாட்டி" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இருபது நிமிஷம். பள்ளிக்கூடத்தில்கூட என்னை யாரும் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நிற்க வைத்ததில்லை.

காரை வாங்கியதும் ஒரு லிஃப்ட் கதவு வழியாகத்தான். ஒரு பல் டாக்டர் தன் வீட்டு லிஃப்டிலேயே மாட்டிக்கொண்டார். மாமா வழக்கம்போல் சாப்பாட்டை விசாரித்தார். டாக்டர் நாலு வார்த்தையில் சாப்பாட்டை முடித்துவிட்டார், ஆனால் லிஃப்ட் முடிகிற மாதிரி இல்லை. பேச்சு எங்கெங்கோ போய்க் கொட்டகையில் கிடக்கும் காரில் வந்து நின்றது. ரெண்டு பேர் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். கூரை கிடையாது. எஞ்சினைக் கழற்றி ரெண்டு மரப்பெட்டியில் போட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. நாற்பது நிமிஷம் கழித்துக் கதவு திறந்தபோது, டாக்டர் வெளியே வந்துவிட்டார், மாமா மாட்டிக்கொண்டுவிட்டார். காரைக் கண்ணால் பார்க்குமுன்பே சரி என்று சொல்லியாகிவிட்டது.

"வெயில் அடிச்சா வெயில் உள்ள வரும், மழை பெஞ்சா மழை உள்ள வரும். அதுக்கு ஒரு காரா?" என்றாள் அம்மா.

"அதான் அக்கா வேணும்" என்றார் மாமா. "நாள் பூரா மூடியே கெடக்கேன்."

அவர் போனதும் அம்மா என்னிடம், "கல்யாணம் பண்ணிக்கடான்னா காரைக் கட்டிக்கிட்டு வந்து நிக்கிறான் பாரு" என்றாள். குரலில் பாதி சிரிப்பு.

எங்கள் தெருவில் சைக்கிள் நிறுத்தவே சண்டை. மாமா பராமரிக்கும் லிஃப்டுகளில் ஒன்று அந்தக் கிடங்கின் சரக்கு லிஃப்ட். கிடங்குக்காரர் நாலாவது மாடி காலியாகத்தானே கிடக்கிறது, வைத்துக்கொள் என்றார். எஞ்சின் இல்லாத கார் துணி மூட்டை மாதிரி லிஃப்டில் ஏறி மேலே போனது. எஞ்சினின் பாகங்களைத் துடைத்து, தேய்த்து, கிடைக்காததைச் செய்யச் சொல்லி, ஒரு பையில் கொஞ்சம் கொஞ்சமாக மாமா மேலே கொண்டுபோனார். ஐந்து வருஷம். நான் குழந்தையிலிருந்து தறுதலையாக வளர்ந்த ஐந்து வருஷமும் அதுதான்.

எஞ்சின் முதல்முறை உயிர் பெற்ற அன்று நான் பக்கத்தில் இருந்தேன். மொத்த மாடியும் இருமியது. மாமா சிரிக்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, லிஃப்டில் மாட்டியவர்கள் கதவு திறந்ததும் ஒரு நொடி நகராமல் உட்கார்ந்திருப்பார்களே, அப்படி உட்கார்ந்திருந்தார். பிறகு காரை மெதுவாக உருட்டி லிஃப்டுக்குள் ஏற்றினார். மணி அடித்தது.

எடை மிஞ்சினால் அடிக்கும் மணி. லிஃப்டின் தகட்டில் எழுநூற்றைம்பது கிலோ என்று எழுதியிருக்கும், கீழே மாமாவின் கையெழுத்து. கார் எஞ்சினோடு எழுநூற்றுத் தொண்ணூறு. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் எட்டு பேர் லிஃப்டில் ஒன்பதாவதாக ஏறுகிறவரைக் கையைப் பிடித்து இறக்கிவிடுகிற மனிதர், தன் காரில் எஞ்சினை மாட்டும்போது கூட்டல் போடவில்லை. கணக்கில் நான் வாங்கும் மார்க்கைப் பார்த்துச் சிரிக்கிற மனிதர்.

"அந்த மணியை நிறுத்த எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டேன்.

"ரெண்டு நிமிஷம்."

"அப்புறம் என்ன?"

"தகட்டுல என் கையெழுத்து இருக்கு வாலு."

என் பெயர் அதுவல்ல, ஆனால் அவர் வேறு பெயரில் என்னைக் கூப்பிட்டதில்லை.

எஞ்சினை மறுபடி கழற்று என்றேன். ஐந்து வருஷம் என்று மட்டும் சொன்னார். ஆகவே மேலேயே ஓட்டினார். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, சட்டை பட்டனைச் சரிபார்த்துக்கொண்டு ஏறுவார். தொண்ணூறு அடி நீளம், எட்டுத் தூண். முதல் கியரில் தூண்களைச் சுற்றி வளைவார். நீளப் பக்கத்தில் இரண்டாவது கியர் போட்டதும் சுவர் வந்துவிடும். பிரேக். மறுபடி முதல் கியர். பெட்ரோல் வாசனையும் புறா வாசனையும் கலந்து அடிக்கும். காற்றில் தலைமுடி பறப்பதற்காக ஒரு மேஜை விசிறியைக் காருக்கு எதிரே வைத்தேன். கிண்டலுக்குத்தான் வைத்தேன். அவர் ஒவ்வொரு சுற்றிலும் அதன் முன்னால் வரும்போது வேகத்தைக் குறைத்து முகத்தைக் காட்டினார். அதற்குப் பிறகு எனக்கு அந்தக் கிண்டல் பிடிக்கவில்லை.

வருஷம் தவறாமல் வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கட்டினார். சாலையே பார்க்காத வண்டிக்குச் சாலை விபத்துக் காப்பீடு.

"மூணாவது கியர் எப்படி இருக்கும் மாமா?"

"தெரியல. நல்லாத்தான் இருக்கும்."

போன மாதம் கிடங்கை விற்றுவிட்டார்கள். கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு லிஃப்டின் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்ட வேண்டும் என்று மாமாவின் லிஃப்ட் கம்பெனியிலிருந்து உத்தரவு வந்தது. பூட்ட வேண்டிய ஆள் மாமா. நாலு மணிக்குள் கார் இறங்காவிட்டால் மாடியோடு சேர்ந்து நொறுங்கும். லிஃப்டைப் பூட்டியாயிற்று என்கிற தாளில் கையெழுத்தும் அவர்தான் போடவேண்டும்.

வியாழக்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். அந்த லிஃப்டின் தரையில் ஒரு மூலையில் சின்ன மூடி உண்டு. அதன் அடியில் இரண்டு செப்புத் தகடுகள். எடை மிஞ்சினால் தரை தாழ்ந்து இரண்டும் தொட்டுக்கொள்ளும், மணி அடிக்கும், லிஃப்ட் நகராது. நடுவில் ஒரு காகிதம் இருந்தால் எதுவும் எதையும் தொடாது. என் நோட்டில் மாமாவின் உயரப் பெருமையை எழுதிவைத்திருந்த தாளைக் கிழித்து எட்டாக மடித்துச் செருகிவிட்டு, விசிலடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கையெழுத்து அவருடையதுதானே, காகிதம் என்னுடையது.

வெள்ளிக்கிழமை மாமா மற்ற வேலைகளுக்கு லீவு சொல்லிவிட்டு விடிந்ததிலிருந்து காரைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் மத்தியானம் போனபோது கதவுகள், சீட்டுகள், பானெட், ஸ்டெப்னி, பேட்டரி எல்லாம் தரையில் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றையும் பார்சல் தராசில் நிறுத்திச் சாக்பீஸால் சுவரில் எழுதியிருந்தார். தொண்ணூற்றைந்து கிலோ. கார் பல் பிடுங்கிய வாய் மாதிரி இருந்தது. பிரித்ததைக் கிடங்கின் காவலாளியும் நானும் தனி நடையாக இறக்கினோம்.

மூன்று இருபதுக்குக் காரை லிஃப்டுக்குள் தள்ளினோம். அது பழைய லிஃப்ட். உள்ளே ஆள் நின்று பொத்தானை அழுத்தினால்தான் அசையும். மாமா உள்ளே ஏறினார்.

மணி அடித்தது.

காகிதம் என்ன ஆனது? கேட்கவும் முடியாது. மாமா சுவரைப் பார்த்தார். "கார் அறுநூத்தித் தொண்ணூத்தஞ்சு. நான் எழுபத்திரண்டு. பதினேழு மிஞ்சுது." காவலாளி தன் தொப்பையைப் பார்த்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனார். மாமா என்னை மேலிருந்து கீழ்வரை, கழற்ற வேண்டிய பாகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"வாலு, தராசுல ஏறு."

நாற்பத்துநாலு. எங்கள் குடும்பத்தில் நான் உருப்படாமல் மெலிந்து கிடப்பது முதல்முறையாக ஒருவருக்குப் பயன்பட்டது.

"பொத்தானை அழுத்து. ஓரமா நில்லு. எதையும் தொடாதே."

ஏறினேன். மணி அடிக்கவில்லை. கம்பிக் கதவு மூடியது, மாமாவின் முகம் மேலே போனது. மூன்றாவது மாடி தாண்டியதும் ஓரமாக நிற்க என்னால் முடியவில்லை. சீட் இல்லாத காரின் தரையில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு உயரத்திலிருந்து யார் கார் ஓட்டி இறங்கியிருக்கிறார்கள்? கை சும்மா இருக்குமா, ஹேண்ட்பிரேக்கை லேசாகத் தொட்டது. கார் மூன்று அங்குலம் உருண்டு கம்பிக் கதவை இடித்தது. கதவு கொஞ்சம் விலகினாலும் நிற்கிற லிஃப்ட், நின்றது.

இரண்டாவது மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில், முன்னால் வெறும் செங்கல் சுவர். விளக்கு மங்கல். மணி மூன்று முப்பத்தைந்து. என்னால்தான், என்னால்தான் என்று காதுக்குள் எதுவோ அடித்தது. இத்தனை வருஷம் மாமா இப்படியொரு சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அப்போது தோன்றியது.

படிகளில் தடதடவென்று காலடிச் சத்தம். பிறகு கதவு இடுக்கில் அந்தக் குரல்:

"சாப்டியா?"

"ம்."

"என்ன சாப்ட?"

"காலையில... ஒண்ணும் சாப்பிடல."

"சரி. கார் கேட்டைத் தொட்டுக்கிட்டு இருக்கும். முதுகைக் கொடுத்துப் பின்னால தள்ளு. தள்ளிட்டு, தொடாதேன்னு சொன்னதைத் தொட்டே பாரு, அதை இழு."

தள்ளினேன். நகரவில்லை. மறுபடி தள்ளினேன். "எழுநூறு கிலோவாடா உன்னைத் தோக்கடிக்கும்? ஹெட்மாஸ்டராலேயே முடியலையே" என்றது கதவு. சிரிப்பு வந்து, சிரிப்போடு சேர்த்துத் தள்ளியதில் கார் பின்னால் போனது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பொத்தானை அழுத்தினேன். லிஃப்ட் மூச்சுவிட்டு இறங்கியது.

நாலு மணிக்கு மாமா லிஃப்டைப் பூட்டினார். முற்றத்தில் வைத்து ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினோம். இருட்டுவதற்கு முன் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து கேட்டைத் தாண்டினார். முதல் கியர். இரண்டாவது. பழக்கதோஷம், அவர் கால் பிரேக்குக்குப் போய், சுவர் வராததால் திரும்பி வந்தது. மூன்றாவது கியர் போட்டார். எஞ்சினின் கூச்சல் தணிந்து, ஆழமான ஒரு முனகலானது. காற்று உண்மையிலேயே வந்தது. நானும் அவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

சிக்னலில் நின்றபோது சட்டைப் பையிலிருந்து எட்டாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார்.

"காலையில செக் பண்ணும்போது கிடைச்சுது. எந்த லிஃப்டா இருந்தாலும் ஏத்தறதுக்கு முன்னாடி அந்த மூடியைத் தூக்கிப் பாப்பேன்."

நான் எதிர்ப்பக்கக் கடையின் போர்டை மிகவும் கவனமாகப் படித்தேன்.

மாமா காகிதத்தைப் பிரித்து முதல் வரியில் விரலை வைத்தார். "நாப்பத்தெட்டு அடி இல்ல. நாப்பத்தொண்ணு. அந்த லிஃப்டுக்குக் கயிறு மாத்தினவன் நான்." பிறகு காகிதத்தைக் கொஞ்சம் தூரப் பிடித்து, கீழே நான் எழுதிவிட்டுப் பேனாவால் கோடு போட்டு அடித்திருந்த வரியை உரக்கப் படித்தார். பக்கத்து பஸ்ஸுக்கே கேட்டிருக்கும்.

"'கார் வராட்டியும் போகுது, இந்த ஆளு வெளிய வந்தா போதும்.'"

விளக்கு பச்சையானது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். மாமா அவசரப்படவில்லை, காகிதத்தைப் பழையபடி எட்டாக மடித்துப் பையில் வைத்தார்.

"அடிக்க வேண்டியது மேல உள்ள வரியை வாலு. மாத்தி அடிச்சிருக்கே."