பாய்மரத் துணியில் நான் வெட்டிய ஓட்டைகள்

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு புரட்டாசி மாசம் நடந்தது இது. மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. வாசல் அறையில் தையல் மெஷின். சட்டை, ஜாக்கெட் எல்லாம் தைக்க மாட்டேன். கல்யாணப் பந்தல், கோயில் பந்தல், கடை முன்னால் கட்டுகிற படுதா, இதுதான் என் வேலை. நாற்பது வருஷத்தில் நான் தைத்த துணி காற்றில் கிழிந்தது என்று ஒருத்தர் வந்து நின்றதில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் ஆட்டோவில் பெரிய துணி மூட்டையோடு புருஷனும் பெண்டாட்டியும் வந்து இறங்கினார்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள். அந்தம்மா சாந்தோமில் பிறந்து வளர்ந்தவராம். வீட்டை விற்றுவிட்டு ஒரு பாய்மரப் படகிலேயே குடித்தனம். சமையல், தூக்கம் எல்லாம் அதில்தான். படகு துறைமுகத்தில் நிற்கிறது, பாய் நடுவில் மூன்று முழம் கிழிந்துவிட்டது. ஒட்டுப்போட அதே துணியில் ஒரு துண்டும் கொண்டுவந்திருந்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை கெளம்பணும்க்கா. போர்ட் பிளேர்ல எங்க பொண்ணு மாசமா இருக்கா, பிரசவத்துக்கு அங்க இருக்கணும். இந்தக் காத்தை விட்டா அப்புறம் எதிர்க்காத்து, புயல்" என்றார் அந்தம்மா.

"வெள்ளிக்கிழமை வாங்க" என்றேன்.

சொன்னபடி முடித்துவிட்டேன். அப்புறம்தான் ஒரு யோசனை வந்தது. பந்தல் துணி என்றால் காற்று போக அங்கங்கே பிறை மாதிரி வெட்டி ஓரம் அடிப்போம். இல்லாவிட்டால் காற்று பந்தலையே தூக்கிவிடும். இந்தத் துணியில் ஒரு ஓட்டைகூட இல்லை, பின்னே கிழியாமல் என்ன செய்யும்? தைத்தவனுக்குத் தொழில் தெரியவில்லை என்று நினைத்து, யாரையும் கேட்காமல் ஆறு இடத்தில் வெட்டி, அழகாக மடித்து அடித்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை சந்திலேயே விரித்துப் பார்த்தார்கள். கிழிசல் தைத்த இடத்தைத் தடவி அந்த ஐயா தலையாட்டினார். அப்புறம் ஒரு ஓட்டைக்குள் விரலை விட்டார்.

"என்னம்மா இது?"

"காத்து போகத்தான். இனிமே கிழியாது" என்றேன், பெருமையாக.

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். அந்தம்மாதான் மெதுவாகச் சொன்னார். "அக்கா, பந்தல் நின்ன எடத்துல நிக்கணும். இது காத்தைப் புடிச்சு நகரணும்."

மீதித் துணி இருக்கிறதா என்று தேடினேன். ஒட்டுப்போட வந்த துண்டு தீர்ந்துவிட்டது. அந்தத் துணி மும்பையிலிருந்து வர பத்து நாளாகுமாம். அதற்குள் காற்று திரும்பிவிடும்.

"என் தப்பு" என்றேன். அதுவரை என் வாயில் வராத வார்த்தை.

அந்தம்மா பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். பயணத் திட்டம் முழுக்க அதில்தான், எல்லாம் பென்சில் எழுத்து. ரப்பரால் நாலு வரியை அழித்தார். கொஞ்ச நேரம் அந்த வெள்ளை இடத்தையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"நான் பிளேன்ல போறேன். நீங்க படகோட இங்கயே இருங்க, மாசியில கெளம்பி வாங்க" என்றார் புருஷனிடம்.

"மழை பூரா தனியாவா? சோத்துக்கு?"

"அதான் அக்கா இருக்காங்களே."

அந்த ஐயா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "துணி வந்ததும் வேற ஆளாண்ட குடுங்கம்மா" என்றேன்.

"எதுக்குக்கா? இனிமே இதைப் பத்தி உங்களவிட யாருக்கு நல்லா தெரியும்?"

அந்த மழைக்காலம் முழுக்க, வாரத்துக்கு ரெண்டு நாள் அந்த ஐயா எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். பேத்தி பிறந்ததைப் போனில் காட்டினார். மாசியில் என் ஆறு ஒட்டுகளோடு படகு போய்ச் சேர்ந்தது.

இப்போதெல்லாம் எதுக்கு, எங்கே என்று கேட்காமல் நான் கத்திரியைத் தொடுவதில்லை. ஆனால் அதைவிட எனக்கு மனசில் நிற்பது, மாசக்கணக்காக நினைத்து வைத்திருந்ததை என் அவசரத்தால் அழித்து எழுத வேண்டிவந்த அந்த நிமிஷத்திலும், அந்தம்மா என்னை அக்கா என்று கூப்பிடுவதை விடவில்லை என்பதுதான்.