மாப்பிள்ளை போடாத பூட்டு

என் தங்கச்சி புருஷனைப் பத்தி யாரைக் கேட்டாலும் முதல்ல சிரிப்பாங்க, அப்புறம்தான் பதில் சொல்லுவாங்க. அப்படி ஒரு வாய் அவனுக்கு. நாங்க ரெண்டு பேரும் ஒரே கம்பெனியில லிஃப்ட் மெக்கானிக். வேலையில சுத்தம், வீட்ல சண்டை சச்சரவு கிடையாது, பிள்ளைங்க ஸ்கூல்ல கூப்பிட்டா முதல் ஆளா போய் நிப்பான். "மாப்ள, உன்னைக் கட்டிக்கிட்டு என் தங்கச்சி பிழைச்சா. என்னைக் கட்டிக்கிட்டவதான் பாவம்"னு நானே சொல்லுவேன். எனக்கு மூக்கு மேல கோபம், அது ஊருக்கே தெரியும்.

எங்க வேலையில ஒரு சட்டம் உண்டு. லிஃப்ட் குழிக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடி, மொட்டை மாடி மெஷின் ரூம்ல மெயின் சுவிட்சை அணைச்சு ஆளுக்கொரு பூட்டு போடணும். அவனவன் சாவி அவனவன் பாக்கெட்ல. ஒரு பூட்டு தொங்கினாக்கூட யாராலயும் கரண்ட் கொடுக்க முடியாது. பூட்டு இல்லைன்னா அந்த ஆள் வேலை முடிச்சு வெளிய வந்துட்டான்னு அர்த்தம். புதுசா வர்ற ஆளுங்க பூட்டை ஒழுங்கா போட்டாங்களான்னு இழுத்து இழுத்துப் பார்க்கிறதே மாப்பிள்ளைதான்.

அன்னைக்கு ஒரு ஏழு மாடி அபார்ட்மென்ட்ல வேலை. நான் என் பூட்டைப் போட்டுட்டு மோட்டார் பக்கம் குனிஞ்சேன். "நானும் போட்டாச்சு மச்சான்"னு பின்னாலேருந்து குரல் வந்துச்சு. குழியைச் சுத்தம் பண்ண அவன் கீழ போயிட்டான். என் வேலை முடிஞ்சதும் பூட்டைக் கழட்டினேன். அவன் பூட்டு இல்லை. சரி, முடிச்சுட்டான் போல, ஓட்டிப் பார்க்கலாம்னு சுவிட்ச் கைப்பிடியில கை வச்சேன்.

அப்போதான் உறைச்சது. பூட்டைக் கழட்ட அவன் மேல வந்திருக்கணுமே? வரவே இல்லையே!

வெடுக்குனு கையை எடுத்தேன். போன் அடிச்சேன், எடுக்கல. என் பூட்டைத் திரும்ப மாட்டிட்டு ஏழு மாடியும் படியில தடதடன்னு இறங்கினேன். கடவுளே கடவுளேன்னு வாய் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே வந்துச்சு.

கீழ கதவு திறந்திருந்துச்சு. குழிக்குள்ள சுவத்துல சாஞ்சு உட்கார்ந்திருந்தான். துடைக்கிற துணி மடிச்சது மடிச்சபடி பக்கத்துல கிடந்துச்சு. முகத்துல டார்ச் அடிச்சேன், கண்ணைக்கூடச் சுருக்கல.

"டேய்! பூட்டு எங்கடா?"

"மறந்துட்டேன் மச்சான்." சிரிச்சான்.

வந்த ஆத்திரத்துல உள்ள இறங்கி அவன் சட்டையைப் பிடிச்சுட்டேன். "கரண்ட் கொடுக்கப் போயிட்டேன்டா! என் கையால! அப்புறம் என் தங்கச்சி முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

பிடிச்ச பிடியில சட்டைதான் கொத்தா வந்துச்சு. அவ்வளவு இளைச்சிருந்தான். தினமும் பக்கத்துல நிக்கிறேன், கவனிக்கவே இல்லை. அடுத்தவன் பூட்டை இழுத்துப் பார்க்கிறவன் தன் பூட்டை மறப்பானா?

பிடியை விட்டேன். "மாப்ள, செத்துப்போகணும்னு நினைக்கிறியா?" நேராவே கேட்டுட்டேன்.

"தெரியல மச்சான். பூட்டைக் கையில எடுத்தேன். என்னை எதுக்குப் பாதுகாக்கணும்னு தோணுச்சு. திரும்பப் பைக்குள்ளயே போட்டுட்டேன்." பக்கத்துல கிடந்த துணியை எடுத்தான், திரும்ப வச்சான். "காலையில எழுந்து சட்டை மாட்டறதுக்கே இருக்கிற தெம்பு பூரா போயிடுது. எனக்கு ஒரு குறையும் இல்லை. அதான், யார்கிட்டப் போய் என்னன்னு சொல்றது?"

'உனக்கென்னடா குறைச்சல்'னு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. நல்லவேளை, முழுங்கிட்டேன்.

கைத்தாங்கலா மேல ஏத்திப் படியில உட்கார வச்சேன். "அவகிட்ட மட்டும் சொல்லிடாத. தாங்க மாட்டா"ன்னு கெஞ்சினான்.

"இதுல உன் பேச்சைக் கேட்க மாட்டேன்"னு சொல்லிட்டு, அங்கேயே ஸ்பீக்கரைப் போட்டுத் தங்கச்சியைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"அவர் நல்லா இல்லைன்னு எனக்குத் தெரியும்ணா"ன்னு சொன்னா. "குளிக்கப் போறேன்னு போய், குழாயைத் திறந்துட்டு சும்மா நிப்பாரு. பக்கெட் நிரம்பி வழியற சத்தம் கேட்கும். கதவுக்கு இந்தப் பக்கம் நானும் நிப்பேன். சிரிச்சுக்கிட்டு வெளிய வருவாரு, நானும் சிரிச்சுக்கிட்டே துண்டைக் கொடுப்பேன். கேட்டா உடைஞ்சிடுவாரோன்னு பயம்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடி!"

"நீ கத்துவியே, அண்ணா."

மாப்பிள்ளை போனைப் பிடுங்கினான். "நீ கதவுக்கிட்டயா நின்ன?"

"தினமும்தாங்க."

அவன் வாய் விட்டு அழுதான். சத்தம் கேட்டு அபார்ட்மென்ட் செக்ரட்டரி வந்து எட்டிப் பார்த்தாரு. "என்னய்யா இது? லிஃப்ட் எப்போ ஓடும்?" வேற நாளா இருந்தா அவரை உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பேன். "இன்னைக்கு ஓடாதுங்க, படியில போங்க"ன்னு மெதுவா சொன்னேன்.

தங்கச்சி ஆட்டோ பிடிச்சு வந்தா. அவளுக்கும் வழியெல்லாம் அழுத முகம். மூணு பேருமா நேரா டாக்டர்கிட்டப் போனோம். எப்படி இருக்கீங்கன்னு அவர் கேட்டாரு. மாப்பிள்ளை எங்க ரெண்டு பேரையும் ஒரு தடவை பார்த்தான்.

"நல்லா இல்லைங்க"ன்னு சொன்னான்.