உப்புக் கஞ்சியும் கோலி சோடாவும்

போடிமெட்டைத் தாண்டியிருந்த ஓர் ஏலத்தோட்டத்தில், காய் உலர்த்துகிற ஸ்டோர் கன்னையன் பொறுப்பில் இருந்தது. வெளியே அடுப்பில் விறகை எரித்தால் சூடு பெரிய இரும்புக் குழாய் வழியாக அறைக்குள் போய்ச் சுற்றிவரும். கம்பி வலைத் தட்டுகளில் பரப்பிய பச்சைக்காய் அந்தச் சூட்டில் நிறம் கெடாமல் காயும். செவ்வாய்க்கிழமை விரதம் தவறாதவர் கன்னையன். நெற்றியில் விபூதி இல்லாமல் அடுப்பில் தீ வைக்க மாட்டார். யாரிடமும் அதிர்ந்து பேசாத மனுசர்.

அந்த மனுசருக்குள்ளே எட்டு வருசமாக ஒரு கங்கு அணையாமல் கிடந்தது. அதன் பேர் சுருளிவேல்.

எழுபத்து மூணாம் வருசம் தை மாசம், பொங்கலை ஒட்டிப் போடி ஆத்தங்கரையில் குஸ்தி நடந்தது. கன்னையனும் சுருளிவேலும் பால்சாமி வாத்தியாரிடம் ஒன்றாகப் பழகியவர்கள், ஒரே தட்டில் தின்றவர்கள். கன்னையனுக்கு எடை கொஞ்சம் கூடுதல். அதைக் குறைக்கச் சோறில்லாமல், தண்ணி இல்லாமல் உடம்பை வாட்டியிருந்தார். காலையில் ஏலக்காய்க் கிடங்கில், மூட்டை நிறுக்கிற தராசில் ஏற்றிப் பார்த்தார்கள். எடை சரியாக இருந்தது.

எடை பார்த்து இறங்கியதும் என்ன செய்ய வேண்டும் என்று வாத்தியார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணியை மடக்கு மடக்காகக் குடிக்கணும். பொறுத்து ஒரு வாழைப்பழம். காய்ந்த வயிறு தூங்குகிற பிள்ளை மாதிரி, அதைத் தட்டி எழுப்பாதே, தடவி எழுப்பு என்பார்.

ஆனால் அந்த நேரம் வாத்தியார் பக்கத்தில் இல்லை. சுருளிவேல்தான் தூக்குச்சட்டியோடு வந்தான். உள்ளே கறிச்சோறு, மேலே கட்டியாக எருமைத் தயிர்.

“தின்னு மாப்ளே. சாயந்தரம் மல்லுக்கு நிக்கணும்ல.”

காய்ந்த மாடு கம்பங்கொல்லையில் விழுந்தது மாதிரி விழுந்தார் கன்னையன். சட்டியை வழித்துத் தின்றார். சாயந்தரம் கோதாவில் எதிரே வந்து நின்றவன் சுருளிவேல். வேறு பிடி எதுவும் அவன் போடவில்லை. தலையைக் கொடுத்து வயிற்றிலேயே முட்டினான், திரும்பத் திரும்ப முட்டினான். ஊர்க் கூட்டம் பார்க்க, கோதா மண்ணில் வாந்தியெடுத்துக் குப்புற விழுந்தார் கன்னையன்.

அன்றைக்கு விழுந்த பேர் வாந்திக் கன்னையன். சோற்றைக் கொடுத்தது அவன்தான் என்று ஊரெல்லாம் சொல்லிப் பார்த்தார். “அவன் என்ன ஊட்டியா விட்டான்? தின்னது நீதானே அப்பு” என்று சிரித்தார்கள். அது பொய்யில்லை என்பதுதான் அவரை அதிகமாக அறுத்தது. பேருக்குப் பயந்து மலை ஏறிவிட்டார். கீழே இருந்த அவருடைய ஆத்தா ராக்கு சந்தைக்குப் போவதையே விட்டுவிட்டாள். அவள் செத்த அன்றைக்கு, பஸ்சு நிலையத்தில் எவனோ ஒருத்தன், “வாந்தியோட ஆத்தா போய்ச் சேந்துருச்சாம்” என்று சொன்னது பாடைக்கு மூங்கில் வாங்கப் போன கன்னையன் காதிலேயே விழுந்தது. அழுகை அதோடு நின்றுபோனது. கங்கு மட்டும் மிஞ்சியது.

குஸ்தியை விட்டாரே தவிர, தண்டாலையும் பஸ்கியையும் விடவில்லை. ஸ்டோருக்குப் பின்னால் விடியலில் தனியாக எடுப்பார். எதற்கென்று மனைவி சந்திரவல்லி கேட்டால் உடம்புக்கு என்பார்.

எண்பத்தொண்ணு தையில், தோட்ட முதலாளி சொல்லி அனுப்பினார் என்று ஜீப்பில் வந்து இறங்கினான் சுருளிவேல். இந்த வருசக் குஸ்தியில் கீழ் எடைப் பிரிவில் பெரிய ஆள் யாருமில்லையாம். அதில் இறங்கினால் பட்டம் அவனுக்குத்தான். ஆனால் தொப்பை விழுந்த உடம்பு அந்த எடைக்குள் அடங்க மாட்டேன் என்றது. ஏலக்காய் ஸ்டோரில் உட்கார்ந்தால் வேர்வையிலேயே குறைந்துவிடும் என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள்.

“என்ன மாப்ளே, வாந்தியெல்லாம் நின்னுருச்சா?” என்று கேட்டுக்கொண்டே சட்டையைக் கழற்றினான்.

கன்னையன் காயில்லாத ஓர் அறையைத் திறந்துவிட்டார். அவன் உள்ளே போனான். அந்த ஸ்டோர்க் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் வெளியேதான்.

கொஞ்ச நேரத்தில் சந்திரவல்லி பாலில்லாத கட்டஞ்சாயாவோடு வந்தாள். புருசன் மடியில் பச்சையாக ஏதோ தெரிந்தது. ஊமத்தங்காய். ஸ்டோருக்குப் பின்னால் காட்டுச்செடியாக மண்டிக் கிடப்பது. சாயாவைக் கீழே வைத்துவிட்டு அவர் மடியைப் பிடித்தாள்.

“இந்தாங்க, இந்தப் பாவத்தை நம்ம தலையில ஏத்தாதீங்க. நாளைக்கு முருகன் முன்னாடி எந்த மூஞ்சியோட நிப்பீங்க?”

உள்ளிருந்து கதவைத் தட்டிச் சுருளிவேல் காற்றுக் கேட்டான். கன்னையன் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டார், வேர்வை துடைக்கத் துண்டும் கொடுத்தார். பிறகு வந்து ஊமத்தங்காயைப் பள்ளத்தில் வீசினார்.

“பாவத்துக்குப் பயந்து எறியல புள்ள. மயங்கிக் கெடக்கிறவனைத் தள்ளி எனக்கென்ன ஆகப் போகுது? நல்லா தின்னு, நல்லா குடிச்சு, திம்முனு நிக்கிறவனைத் தள்ளணும். அவனுக்குச் சொல்லிக்க ஒரு சாக்கு இருக்கக் கூடாது. நாளைக்கு விடியக் கஞ்சி காச்சு. ரெண்டு ஆளுக்குக் காச்சு.”

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கொஞ்ச நாளாகவே அவர் எண்ணெய்ப் பலகாரம் தொடவில்லை, கறி வேண்டாம் என்றார். காலையில் கேப்பைக் களி, மத்தியானம் பாசிப்பயறும் சோறும், அந்தியில் கருப்பட்டி போட்ட பால். எல்லாம் பால்சாமி வாத்தியார் சொன்ன பத்தியம். சுருளிவேல் கீழ் எடையில் இறங்கப் போகிறான் என்ற செய்தி வந்த அன்றைக்கே மனுசர் முடிவு கட்டியிருக்கிறார். மலைச்சோலியில் இறுகிய அவர் உடம்பு, பட்டினி கிடக்காமலே அந்தக் கீழ் எடைக்குள் இருந்தது.

மறுநாள் காலையில் அதே கிடங்கு, அதே தராசு. சுருளிவேல் உதடு வெடித்து, கண் குழிந்து ஏறினான். எடை சரி. சிரித்துக்கொண்டே இறங்கியவன், அடுத்துத் தராசில் ஏறுகிறவரைப் பார்த்தான். கன்னையன். அவன் சிரிப்பு அப்படியே காய்ந்தது.

கன்னையன் இறங்கி வந்து தூக்குச்சட்டியை நீட்டினார்.

“உப்புக் கஞ்சி. மடக்கு மடக்காக் குடி. சாயந்தரம் நீ தெம்பா இருக்கணும்.”

அவர் சொன்னது சத்தியம். எட்டு வருசத்தில் அவர் மனசார வேண்டிக்கொண்டது அது ஒன்றுதான். ஆனால் சுருளிவேல் சட்டியைப் பார்த்தான், கன்னையன் முகத்தைப் பார்த்தான், மறுபடி சட்டியைப் பார்த்தான். வாங்கி அப்படியே சாக்கடையில் கவிழ்த்தான்.

அதற்குப் பிறகு அவன் ஒருத்தர் கையிலும் ஒன்றும் வாங்கவில்லை. ஓட்டல் இட்லியைக்கூடச் சந்தேகப்பட்டான், எல்லாரும் கன்னையனுக்குச் சொந்தக்காரர்களாகத் தெரிந்தார்கள். தொண்டையோ வறண்டு போய்க் கிடந்தது. கடைசியில் கடைத்தெருவில் கோலி சோடா வாங்கினான். கோலி அடைத்திருக்கிற பாட்டிலில் யாரும் எதையும் கலக்க முடியாதல்லவா? தன் கையாலேயே கோலியை அமுக்கி உடைத்து உடைத்துக் குடித்தான். வெறும் வயிற்றில் சோடாவாக இறங்கியது. அவன் ஏப்பம் விடுகிற சத்தம் மூன்று கடை தள்ளிக் கேட்டதாகச் சொன்னார்கள். கன்னையன் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வயிறு எரிந்தது அவருக்குத்தான். ‘தின்னுத் தொலையேண்டா’ என்று உள்ளுக்குள் கெஞ்சினார்.

சாயந்தரம் கோதாவில் சீட்டுப் போட்டபடி சுற்றுகள் நடந்து, இவர்கள் இரண்டு பேரும் எதிரெதிரே வந்தார்கள். சுருளிவேல் வயிறு தவில் மாதிரி உப்பியிருந்தது. கன்னையன் இடுப்பைப் பிடித்ததும் ஒரு பெரிய ஏப்பம் வந்தது, கூட்டம் கொல்லென்று சிரித்தது. சுருளிவேல் உதறிக்கொண்டு திரும்ப முயன்றான். அதற்குள் கெண்டைக்கால் சதை முடிச்சுப் போட்டு இழுத்துக்கொண்டது. ‘ஆத்தா’ என்று ஒற்றைக்காலில் நின்றவனைக் கன்னையன் தள்ளக்கூட வேண்டியிருக்கவில்லை. முதுகு மண்ணில் பட்டது.

கைதட்டலுக்கு நடுவே கன்னையன் முகம் மட்டும் தெளியவில்லை. நாளைக்கு இவன் கால் இழுத்துக்கொண்டது என்று சொல்லித் திரிவான். அவர் வேகமாகப் போய்ச் சந்திரவல்லியிடமிருந்த மற்றொரு தூக்குச்சட்டியை வாங்கி வந்தார். எல்லாரும் பார்க்க முதலில் தான் குடித்தார். பாதியை, மண்ணில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனிடம் நீட்டினார்.

“குடி.”

சுருளிவேல் குடித்தான்.

“என்ன இருக்கு இதுல?” என்று கேட்டார் கன்னையன்.

“உப்பு.”

“வேற?”

“வேற ஒண்ணுமில்ல.”

“அப்ப காலையில ஏன்டா கொட்டுன?”

பால்சாமி வாத்தியார் பக்கத்தில் வந்து நின்றார். சுருளிவேல் நிமிரவில்லை.

“அன்னைக்கு நமக்குத்தான் ஜோடி விழும்னு தெரிஞ்சே நான் சோறு குடுத்தேன். நீயும் அப்படித்தான் குடுக்குறேன்னு நெனச்சேன்.”

வாத்தியார் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கன்னையன் நெஞ்சு மண்ணைத் துடைத்துவிட்டார். வாந்திக் கன்னையன் என்ற பேர் அந்த ஆத்தங்கரையிலேயே போயிற்று.

கன்னையன் கிளம்பும்போது குனிந்து அவன் காதில் சொன்னார்: “அடுத்த தைக்கும் வா. என் வீட்டுக்கே வந்து சாப்பிட்டுட்டு வா. இன்னும் உன்னை நான் சரியாத் தள்ளல.”

சுருளிவேல் அதற்குப் பிறகு கோதாப் பக்கமே வரவில்லை. தை பிறந்தால் கன்னையன் பத்தியம் இருப்பார், ஜீப்புக்காரர்களிடம் சொல்லி அனுப்புவார். அவன் வரமாட்டான். அந்தக் கங்கு முழுசாக அணைந்தது என்று சொல்ல முடியாது.

ஆனால் போடி பஸ்சு நிலையத்தில் சுருளிவேலுக்கு ஒரு பேர் நின்றுவிட்டது. சோடா. சோடா வர்றான், சோடா போறான் என்பார்கள். அவன் மகள் கல்யாணப் பத்திரிகை வந்தபோதுகூட, எந்தச் சுருளிவேல், நம்ம சோடாவா என்று கேட்டார்கள். ஒருத்தரைப் பட்டப்பேர் சொல்லிக் கூப்பிடுவது பாவம் என்று கன்னையன் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தார். தோட்டத்தில் யார் யாரை அப்படிக் கூப்பிட்டாலும் கண்டிப்பார். இந்த ஒரு பேர் காதில் விழும்போது மட்டும், விபூதி பூசிய நெற்றியைத் திருப்பிக்கொண்டு அடுப்புக்கு விறகு தள்ளப் போய்விடுவார்.