மலையேறும்போது வந்த தலைவலி

ராம்பிரசாத் தன் பெட்ரோல் காரை வெளியூருக்குக் கொண்டுபோய், இன்ஜின் வேகத்தைக் கூட்டும் டர்போவைப் பெரியதாக மாற்றி, அதிலிருந்து பின்னால் போகும் புகைக்குழாயையும் அகலமாக மாற்றிக்கொண்டு வந்தான். மலைத் தோட்டங்களில் ஏலக்காய் வாங்கிப் போடியில் விற்பவன் அவன். மலையடிவாரத்து முந்தலைத் தாண்டியதும் வண்டி வளைவுகளில் ஏறுகிற வேகத்தைச் சொல்லிச் சொல்லி மாளாது அவனுக்கு. மலைமேல் போடிமெட்டில் ஆசிரியையாக இருந்த மனைவி முத்துப்பிரியாவைத் தினமும் அவன்தான் கூட்டிப்போய் விடுவான்.

மழைக்காலம் தொடங்கியபோது அவளுக்குத் தலைவலி வர ஆரம்பித்தது. ஏறும்போதே நெற்றி தெறிக்கும். பள்ளி வாசலில் இறங்கியதும் வாந்தி. மத்தியானத்துக்குள் சரியாகிவிடும். அவள் அப்போது கர்ப்பமாக இருந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“வண்டிக்குள்ள ஒரு மாதிரி வாடை வருதுங்க” என்று ஒருநாள் சொன்னாள்.

“ஒனக்கு வளைவு ஒத்துக்கல. கண்ண மூடிக்கிட்டு வா” என்றான் அவன். ஜன்னலை இறக்கி, முழங்கையை வெளியே வைத்து ஓட்டுகிறவன். சாரலுக்குப் பயந்து அவள் தன் பக்கக் கண்ணாடியை ஏற்றியே வைத்திருப்பாள்.

ஐந்தாம் மாதம் கரு கலைந்தது.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாமியார் சுந்தரம்மாள் ஒரே பேச்சைத்தான் பேசினாள். “வேலைய விட்டுட்டு வீட்ல இருன்னு தலப்பாடா அடிச்சிக்கிட்டேன். தெனம் மலையேறி எறங்குனா புள்ள எப்பிடித் தங்கும்?” உள்ளறையில் படுத்திருந்த முத்துப்பிரியாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ராம்பிரசாத்துக்கும் கேட்டது. அவன் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

உடம்பு தேறி அவள் மறுபடி பள்ளிக்குப் போன முதல் நாள். இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இப்ப வயித்துல ஒண்ணுமில்ல. இப்பவும் வலிக்குதே, ஏங்க?”

“ஒடம்பு இன்னும் தேறல. டாக்டரப் பாப்போம்” என்று சொல்லி வண்டியைத் திருப்பினான்.

அவன் கவலை வேறாக இருந்தது. கார் பெட்ரோலைக் குடித்தது. ஏற்றத்தில் மிதித்தால் பின்னால் கரும்புகை. சனிக்கிழமை காலை போடியில் மெக்கானிக் ஜக்கையனிடம் கொண்டுபோய் விட்டான்.

ஜக்கையன் பிளக்குகளைக் கழற்றினார். நான்கும் கரி. “ரிச்சா ஓடுது தம்பி. தேவைக்கு மேல பெட்ரோல் எறங்குது” என்றார். ஆனால் கோளாறைக் காட்டும் ஸ்கேனரை மாட்டினால், பெட்ரோல் போதவில்லை என்று காட்டியது. புகையிலுள்ள காற்றை அளந்து சொல்லும் ஆக்சிஜன் சென்சார் கெட்டிருக்கும் என்று புதிதாக மாற்றிப் பார்த்தார். அதே கதை. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைச் சோதித்தார், ஒழுகவில்லை. எரிச்சலோடு போய் டீ குடித்துவிட்டு வந்து, சைலன்சர் வாயில் கம்ப்ரசர் காற்றைச் செலுத்தி, இன்ஜின் பக்கத்துக் குழாய் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவினார். டர்போவுக்குக் கீழே, புதுக் குழாயின் வெல்டிங்கில் குமிழ் குமிழாக நுரை கிளம்பியது.

“இந்தா இருக்கு. இந்த விரிசல் வழியா வெளிக்காத்து உள்ள போகுது. சென்சார் ஏமாந்துபோயி இன்னும் ஊத்து, இன்னும் ஊத்துங்குது.” அவர் விளக்கைத் தூக்கிப் பார்த்தார். காருக்குள் வெளிக்காற்று போகும் வழி அதற்கு நேர் மேலே இருந்தது. அவர் குரல் இறங்கியது. “ஏத்தத்துல மிதிக்கிறப்ப அழுத்தம் கூடி, புகையும் இதுவழியா வெளிய வந்து காருக்குள்ள ஏறும். கெட்ட புகை தம்பி. வண்டியில ஒக்கார்றவுகளுக்குத் தலவலி, வாந்தின்னு எதும் வருதா?”

ராம்பிரசாத் அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டான்.

வண்டியை அங்கேயே விட்டு வீட்டுக்கு நடந்தான். மறைத்துவிடலாம் என்றுகூட வழியில் நினைத்தான். முத்துப்பிரியா துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னான். அவள் கையிலிருந்த சேலையைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

“நான் எம்மேலதான் கொறைன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்” என்றாள். அழுகை பிறகுதான் வந்தது. அவன் தோளைத் தொடப் போனபோது விலகிக்கொண்டாள்.

இருவரும் டாக்டரம்மாவிடம் போனார்கள். தலைவலிக்குப் புகைதான் காரணமாக இருக்க வேண்டும் என்றார் அவர். குழந்தைக்கும் அதுதானா என்று கேட்டபோது, “இருக்கலாம். இப்ப உறுதியாச் சொல்ல முடியாதும்மா” என்றார். ஆட்டோவில் திரும்பினார்கள். வீட்டு வாசலில் அவள் நின்றாள்.

“அத்தைகிட்ட நீங்களே சொல்லுங்க. என் முன்னாடி சொல்லுங்க.”

சொன்னான். தன் வண்டியின் புகை என்றும், அவள் வாடை வருகிறது என்று சொன்னதைத் தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றும் சொன்னான். சுந்தரம்மாள் மகனையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தாள். “எனக்கு என்னத்தா தெரியும்” என்று மட்டும் சொல்லி அடுப்படிக்குள் போனாள். அதன்பின் வந்தவர்களிடம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஜக்கையன் பழைய டர்போவையும் குழாயையும் மாட்டிக் கொடுத்தார். இப்போது கரும்புகை இல்லை, வாடை இல்லை. ராம்பிரசாத் அந்தக் காரில்தான் தோட்டங்களுக்குப் போகிறான். முத்துப்பிரியா பஸ்சில் போகிறாள். காலையில் அவன் கார் சில நாள் அவள் பஸ்சுக்குப் பின்னாலேயே ஏறும். முந்திப் போக இடம் இருந்தாலும் அவன் முந்துவதில்லை.