முதலாளிக்கு முன்னால் ஒரு வாய் சுஷி

"பச்ச மீனத் திம்பியா அம்மிணி நீயி? கண்ணுல பாத்தாலே எந்திரிச்சு ஓடிருவ. அப்பறம் ஜப்பானுக்குப் போயி என்னத்தப் படிக்கப்போற?"

எங்கள் மில் மேனேஜர் இப்படிக் கேட்டது முதலாளியை வைத்துக்கொண்டு. அதனால்தான் அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

எண்பதுகளின் நடுவில் நான் பள்ளிபாளையத்தில் ஒரு துணி மில்லின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன். நூலின் முறுக்கையும் துணியின் வலுவையும் சோதிப்பது என் வேலை. சேலத்தில் பி.எஸ்ஸி. முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்குத் தாராளமாகவே உண்டு. குறைத்துச் சொல்வதில் இஷ்டமில்லை.

மில்லுக்கு ஜப்பானிலிருந்து புதுத் தறிகள் வந்திருந்தன. அவற்றைப் பூட்டி ஓட்டிக் காட்ட ஓர் இன்ஜினியரும் வந்து, நாலு மாதமாக மில்லின் கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்தார். தறி செய்த கம்பெனியில் ஆறு வாரப் பயிற்சிக்கு எங்கள் மில்லிலிருந்து ஒருவர் போகலாம் என்று ஏற்பாடு. நான் போகிறேன் என்று கேட்டேன். முதலாளி முடியாது என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் மேனேஜர் மீனைக் குறுக்கே போட்டார்.

முதலாளி சிரித்தார். "அதுக்கென்னப்பா, வார ஞாயித்துக்கெழம அந்த இன்ஜினியரே நமக்கு விருந்து வெக்கறாராமில்ல. பச்ச மீனுதானாம். யாரு ஓடறாங்கன்னு அங்க பாத்துக்கலாம்."

அந்த இன்ஜினியர் எங்கள் ஊர் இட்லியையும் கறிக்குழம்பையும் நாலு மாதம் முகம் சுளிக்காமல் சாப்பிட்டவர். ஊருக்குக் கிளம்புமுன் ஒரு வேளையாவது தன் கையால் எங்களுக்குப் போட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். அவருடைய அப்பா, சோற்றின் மேல் பச்சை மீனை வைத்துப் பிடித்துத் தரும் சுஷிக் கடைக்காரர். மில்லில் அவர் பேசும் உடைந்த ஆங்கிலத்தைப் பொறுமையாகக் கேட்டது நான்தான் என்பதால், கடையைப் பற்றி என்னிடம் நிறையச் சொல்லியிருந்தார். ஒரே ஒரு நீளப் பலகை. இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் அப்பா. அவ்வளவுதான் கடை. ஆனால் அங்கே போய் உட்காரப் பெரிய பணக்காரர்களே முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டுமாம். என்ன வேண்டும் என்று யாரையும் கேட்பதில்லை. அப்பா பிடித்து வைப்பதைச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

அதே மாதிரி ஒரு பலகையை அவர் கெஸ்ட் ஹவுஸில் போட்டுவிட்டார். தறிகள் வந்த பெட்டியின் மரத்தை மில் ஆசாரியைக் கொண்டு இழைத்து, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த அரைச் சுவரின் மேல் கிடத்தியிருந்தார். தேய்த்த பலகை வெளுப்பாக, லேசாக மணத்துக்கொண்டிருந்தது. கூடத்துப் பக்கம் நாலு முக்காலிகள். மீன் கொச்சியிலிருந்து, சங்ககிரி லாரி ஒன்றில் ஐஸ் பெட்டிக்குள் வந்தது. காவிரிக் கரையில் இருந்துகொண்டு மீனுக்குக் கொச்சிக்குப் போவார்களா என்று டிரைவர் சிரித்தாராம். ஆற்று மீனைப் பச்சையாகத் தின்னக் கூடாது, கடல் மீன்தான் ஆகும் என்று இன்ஜினியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஞாயிறு மத்தியானம் முதலாளி, அவர் மனைவி, மேனேஜர், நான் என்று வரிசையாக உட்கார்ந்தோம். முதலாளியின் மனைவி தோட்டத்து வாழையிலை நாலு நறுக்கி எடுத்துவந்திருந்தார். இன்ஜினியருக்கு இலை பிடித்துப் போயிற்று. ஆளுக்கொன்று விரித்து வைத்தார்.

ஈரக் கையில் கொஞ்சம் சோறு எடுத்தார். விரலில் ஏதோ பச்சை நிற விழுதைத் தொட்டு மீன் துண்டில் தடவினார். இரண்டையும் சேர்த்து இரண்டு அமுக்கு. எங்கள் ஒவ்வொருவர் இலையிலும் விரல் நீளத்தில் ஒரு சோற்றுக்கட்டியும், அதன் மேல் சிவந்த சூரை மீன் துண்டும் உட்கார்ந்தன. தலை குனிந்து வணங்கிவிட்டு நின்றார்.

நாங்களும் உட்கார்ந்திருந்தோம்.

எங்கள் பக்கத்துப் பந்தியில், இலையில் எல்லாம் விழுந்து, பெரியவர் கை வைத்த பிறகுதான் மற்றவர் கை வைப்போம். முந்திக்கொண்டால் வளர்த்தவளுக்குத்தான் கெட்ட பேர். முதலாளி மீதிப் பதார்த்தங்களுக்காகக் காத்திருந்தார். நாங்கள் முதலாளிக்காகக் காத்திருந்தோம். இன்ஜினியர் எங்களுக்காகக் காத்திருந்தார்.

"பாக்கறதுக்கு எம்புட்டு அழகா இருக்குது," என்றார் முதலாளியின் மனைவி மெதுவாக. "மத்ததெல்லாம் எப்ப வருமுங்க?"

"வருமுல்ல, ஒண்ணொண்ணாத்தான எலைக்கு வரும்," என்றார் முதலாளி.

"கொழம்ப இன்னுங் காணமுங்களே," என்றார் மேனேஜர்.

இன்ஜினியர் சுத்தமாக இருந்த கத்தியை மறுபடி துடைத்தார். எங்கள் இலைகளைப் பார்த்தார். வாயைத் திறந்து சாப்பிடுங்கள் என்று விருந்தாளியை விரட்ட அவருக்கும் கூச்சம் போல. பிறகு மரத்தொட்டியில் இருந்த சோற்றைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, ஈரத்துணியை இழுத்து மூடினார். அம்மா மாவு தீரும்வரை தோசைக்கல்லை விட்டு நகராமல், ஒவ்வொரு தோசையாகப் போட்டுக்கொண்டே "ஆறறதுக்குள்ள தின்னு" என்று அதட்டுவாளே, அந்த முகம் இது என்று எனக்குப் பட்டது. சோறு ஆறுகிறது. இது பந்தியே இல்லை, அடுப்படி.

அங்கே இருந்ததில் வயதிலும் வேலையிலும் சின்னவள் நான். முதலாளிக்கு முன்னால் கை வைத்தால் திமிர் பிடித்தவள் என்று ஆகும். ஜப்பான் அத்தோடு சரி. வைக்காவிட்டால் அந்த மனிதரின் நாலு மாத ஆசை இலையிலேயே காய்ந்துபோகும். எடுத்து முழுதாக வாயில் போட்டேன்.

"ஏனம்மிணி! முதலாளி இன்னும் கையே வெக்கிலயே!" என்றார் மேனேஜர்.

அந்தப் பச்சை விழுது நாக்கில் உறைக்காமல் நேரே மூக்கில் ஏறி உச்சந்தலையைத் தட்டியது. கண்ணில் நீர் கொட்டியது.

"பாத்தீங்களா, அழுகுது!"

அந்தக் காரம் வந்த வேகத்திலேயே இறங்கிவிட்டது. அதற்குப் பின்னால்தான் ருசி வந்தது. சோறு வெதுவெதுப்பாக, துளி புளிப்பும் துளி இனிப்புமாக இருந்தது. மீன் குளிர்ந்து, கவிச்சி வாடையே இல்லாமல் இளநுங்கு மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று.

"அழுகிலீங்க," என்றேன். "காரம் மூக்குல ஏறுதுங்க. இது பந்தியில்லீங்க, தோசக்கல்லுகிட்ட உக்காந்து திங்கறாப்புலீங்க. ஒண்ணத் தின்னாத்தான் அடுத்தது வருமுங்க. சோறு ஆறுதுங்க, எடுத்து வாயில போடுங்க."

முதலாளி என்னையே பார்த்தார். அதற்குள் அவர் மனைவி தன் இலையில் இருந்ததை எடுத்துவிட்டார்.

"தோசக்கல்லுன்னு சொன்னதுக்கப்பறம் என்ன யோசன? எங்கூட்டுல எப்பவும் எனக்குக் கடைசிப் பந்தி. இன்னிக்காவது முன்னால திங்கறேன்." மென்றார், கண்ணை மூடினார், மூக்கைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, தின்னு பாருங்க! சொல்லத் தெரியிலீங்க எனக்கு!"

முதலாளியும் போட்டுக்கொண்டார். "அட சாமி! மூக்குக்குள்ளாற மொளகா மில்லு ஓடுதே!" என்று பலகையைத் தட்டிச் சிரித்தார். இன்ஜினியர் முகம் அப்போதுதான் மலர்ந்தது. அதன் பிறகு அவர் கை நிற்கவில்லை. அவித்த இறால், உப்பும் வினிகரும் போட்டு ஊற வைத்த மீன், வெள்ளரி, முட்டை, வஞ்சிரம். பிடித்து வைக்க வைக்க இலை காலியானது. கையால் எடுப்பதா என்று முதலாளியின் மனைவி தயங்கியபோது, அப்பா கடையில் பெரிய மனிதர்களும் கையால்தான் எடுப்பார்கள் என்று இன்ஜினியர் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். "அப்ப நம்மாளுகதான்," என்றார் அந்த அம்மா.

மேனேஜர் வெள்ளரியும் முட்டையும் வரும்போது மட்டும் வேகமாகக் கை நீட்டினார். மற்றதெல்லாம் அவர் இலையிலிருந்து முதலாளியின் இலைக்கு இடம் மாறியது. கடைசியில் ரொம்ப மரியாதையாக, "கொஞ்சம் ரசமிருந்தா ஊத்தச் சொல்லம்மிணி," என்று என்னிடம் கேட்டார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

கை கழுவும் இடத்தில் முதலாளி என்னை நிறுத்தினார். "எனக்கு முந்தியே கை வெச்சுப்போட்டியே அம்மிணி."

"அவருக்குச் சங்கட்டமாப் போயிருமுங்க. அதுனாலதானுங்க."

"அதத்தான் நானுஞ் சொல்றேன். நாங்க மூணு பேரும் கொழம்பு வருமுன்னு உக்காந்திருந்தம்." துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். "ஜப்பானுக்கு நீயே போயிட்டு வா. உங்கப்பங்கிட்ட நான் வந்து பேசட்டுமா?"

"நானே பேசிக்கறனுங்க," என்றேன்.

அன்று சாயங்காலமே பேசினேன். அப்பா மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டே கேட்டார். "ஆறு வாரத்துக்குச் சோத்துக்கு என்ன சாமி பண்ணுவ?"

"அதத் தின்னு பாத்துட்டுத்தானுங்கப்பா வாரேன்."

மறுநாள் காலை மில்லுக்குப் பள்ளிபாளையம் பஸ் ஏறுமுன், எங்கள் ஊர் சங்ககிரியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்குள் நுழைந்தேன். ஸ்டுடியோக்காரர் திரையைச் சரிசெய்துகொண்டே, "கல்யாணத்துக்குக் குடுக்கறதுக்குங்களா?" என்று கேட்டார்.

"பாஸ்போர்ட்டுக்குங்க," என்றேன். இரண்டு காதும் தெரியும்படி முடியை ஒதுக்கிக்கொண்டு விளக்குக்கு நேராக உட்கார்ந்தேன்.