அம்மா கேட்ட புகைக்கறி

கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தபோது, ஒரு மழைக்காலம் முழுக்க அம்மாவுக்கு எதுவும் வயிற்றில் தங்கவில்லை. சோறு கொதிக்கிற வாசனை வந்தாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள். மசக்கை என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. இரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண்ணிடம் யாரும் சொல்லவும் இல்லை. பித்தம் என்று அத்தை சொல்லியிருந்தாள். நானும் பள்ளிக்கூடத்தில் அம்மாவுக்குப் பித்தம் என்றே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒருநாள் சாயங்காலம் அம்மா தானாகவே வாய்திறந்து கேட்டாள். "எங்க ஊர் மாதிரி புகைக்கறி ஒரு துண்டு கெடைச்சா சாப்பிடுவேன்."

அவளுக்குக் கூடலூர் பக்கம். மழை மாதங்களில் அங்கே இறைச்சியில் உப்பும் மஞ்சளும் தடவி, விறகடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்கவிட்டுவிடுவார்களாம்.

"கேஸ் அடுப்புக்கு மேல எங்க தொங்கவுடறது?" என்றார் அப்பா. கேலிக்குச் சொல்லவில்லை, அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டார். அப்பா படாளத்துக்காரர், பிளாண்ட்டில் டெக்னீஷியன். ஒரு பல்பு வாங்குவதென்றாலும் கடையில் நாலைந்தை எரியவிட்டுப் பார்த்துத்தான் வாங்குவார்.

அடுத்த ஞாயிறு என்னை ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு மாமல்லபுரம் போனார். அங்கே லாட்ஜ் நடத்திய பாய் ஒருவரிடம், ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போன பார்பெக்யூ அடுப்பு ஒன்று இருந்தது. மூன்று கால்கள், உருண்டையான கறுப்பு மூடி. எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அப்பா மூடியைத் திறந்தார், மூடினார், கம்பி வலைக்குக் கீழே கையை விட்டு அளந்தார்.

"நெருப்பு நேரா கீழ கீது பாய். கறி வெந்துபூடும், புகை ஏறாது."

"கரியை ஒரு ஓரமா தள்ளிட்டு, கறியை இந்தாண்ட வெச்சு மூடிடுங்க சார். அந்தாளு அப்படித்தான் பண்ணிகினு இருந்தாரு. சும்மாத்தான் கெடக்குது, எடுத்துகினு போங்க."

"பாக்கலாம்" என்று அப்பா வண்டியைக் கிளப்பிவிட்டார்.

வீட்டில் வந்து சொன்னதும், "அதுலயே ஆயிருக்குமே" என்றாள் அம்மா.

"பண்ணா ஒழுங்கா பண்ணணும்" என்றார் அப்பா.

பிறகு புதுப்பட்டினத்தில் ஒரு வெல்டிங் பட்டறை. பாதியாக வெட்டிய டிரம் ஒன்றைக் காட்டினார் பட்டறைக்காரர். இதில் முன்னே என்ன இருந்தது என்று அப்பா கேட்டார்.

"இன்னாவோ ஆயிலு சார். ஒருவாட்டி கொளுத்திட்டா போயிடும்."

அப்பாவுக்கு அந்தப் பதில் போதவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி சாப்பிடப்போகிறாள் என்று அவர் கணக்குப் போட்டிருப்பார். புதுத் தகட்டில் பெட்டி செய்யச் சொன்னார். துத்தநாகம் பூசிய தகடு சூடானால் விஷம் என்று, பூசாத தகட்டுக்குச் சொல்லிவைத்துக் காத்திருந்தார். நெருப்புக்குத் தனி அறை, புகை போக ஒரு குழாய். கதவில் இடுக்கு இருக்கிறதென்று ஒருமுறை திருப்பிக் கொடுத்தார். குழாய் அகலம் போதாதென்று இன்னொரு முறை.

ஒவ்வொரு முறையும் நானும் போனேன். முகத்தில் கடல் காற்று, வழியில் இளநீர். அப்பா அவ்வளவு நேரம் என்னோடு பேசிக்கொண்டு வந்தது அந்த நாட்களில்தான். இன்னும் ஏதாவது கோணலாக இருந்தால் தேவலை என்றுகூட நினைத்துக்கொள்வேன். முதலில் நாங்கள் திரும்பி வரும்போதெல்லாம் அம்மா, "ஆச்சா?" என்று கேட்டாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள்.

பெட்டி முடிந்து மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த அன்று வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். அப்பா என்னை அவளிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். குழந்தை தங்கவில்லை. இது எனக்கு வயசுக்கு வந்த பிறகு அத்தை சொல்லித் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், சில நாள் கழித்து அம்மா வந்தாள், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள் என்பதுதான். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து வந்திருந்த அத்தை, "அம்மாவை நோண்டாத" என்றாள்.

பெட்டி பின்பக்கம் கிடந்தது. அத்தை ஊருக்குப் போன பிறகு ஒரு ஞாயிறு காலையில் அப்பா அதில் நெருப்பு மூட்டினார். கொய்யாக் கட்டைகளை வைத்து, உப்பும் மஞ்சளும் தடவிய ஆட்டுக்கறியை உள்ளே மாட்டி, பக்கத்திலேயே குந்திக்கொண்டார். நானும் உட்கார்ந்தேன். அவர் கண்கள் சிவந்திருந்தன. புகை என்று நினைத்தேன். வெயில் சாய்கிற நேரத்தில்தான் கறி வெளியே வந்தது. உண்மையிலேயே அருமையாக வந்திருந்தது.

தட்டில் வைத்து அறைக்குள் கொண்டுபோனார். அம்மா எழுந்து உட்கார்ந்தாள். ஒரு துண்டைக் கையில் எடுத்து முகர்ந்து, திரும்பத் தட்டிலேயே வைத்தாள்.

"நல்லா வந்திருக்கு. எனக்கு வேணாங்க. பாப்பாவுக்குக் குடுங்க."

வீட்டில் என்னைத்தான் பாப்பா என்பார்கள். ஆனாலும் அப்பா தட்டோடு அங்கேயே நின்றுவிட்டார். நான்தான் போய் அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் எடுத்துச் சாப்பிட்டேன். அவர் தொடவில்லை.

"ரொம்ப லேட் பண்ட்டேம்மா" என்றார்.

காலையில் தின்ற இட்லிக்குப் பிறகு நான் ஒன்றும் சாப்பிடாததைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவரைச் சமாதானப்படுத்த வேண்டும் போலிருந்தது.

"பரவால்லப்பா, எனக்கு இப்பதான் பசிச்சுது" என்றேன்.